கவிழ்த்த சீட்டு பேசக் கூடாது

போக்கர் மேசையில் ஆட்டத்திலிருந்து விலகியவர் விடும் ஒரு பெருமூச்சு, இன்னும் ஆடிக்கொண்டிருப்பவரின் பணத்தை இடம் மாற்றிவிடும். ஒதுக்கிய சீட்டைச் சுற்றி இத்தனை விதிகள் ஏன்?

ஒன்பது பேர் உட்கார்ந்த மேசை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது நாற்காலிக்காரருக்கு வந்த இரண்டு சீட்டுகள் ஏழும் இரண்டும். போக்கரில் இதைவிட மோசமான ஆரம்பம் கிடையாது என்பார்கள். நியாயமாகவே அவர் சீட்டைக் கவிழ்த்து டீலரிடம் தள்ளிவிட்டு விலகிவிட்டார். அடுத்த நிமிடம் மேசை நடுவே மூன்று பொதுச் சீட்டுகள் விரிகின்றன. ஏழு, ஏழு, இரண்டு.

"அடச்சே!" என்று மேசையில் ஓங்கி அடிக்கிறார் மனிதர். பக்கத்து நாற்காலிக்காரர் சிரிக்கிறார். டீலர் முகத்தைச் சுளிக்கிறார். பார்க்கிறவருக்குப் பெரிய தப்பொன்றும் நடந்துவிட்டதாகத் தோன்றாது.

ஆனால் எதிரே ஒருவர், தன்னிடம் ஏழு இருப்பதுபோல் பாவனை காட்டி இருபதாயிரம் ரூபாயைத் தள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கட்டில் மீதமிருந்தது இரண்டே ஏழு. அதில் ஒன்று குப்பைக்குப் போய்விட்டது என்பது இப்போது மேசை முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி அவருடைய பாவனையை யார் நம்புவார்கள்? விலகிப்போனவருக்கு இதில் ஒரு பைசா நஷ்டமில்லை, லாபமும் இல்லை. அதனால்தான் அவருக்குத் தான் செய்தது உறைப்பதே இல்லை.

கைபேசியில் போக்கர் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிது. அங்கே ஒதுக்கிய சீட்டு திரையிலிருந்து மறைந்துவிடும். பெருமூச்சு யாருக்கும் கேட்காது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது. அதன்பின் பணத்துக்கு ஆட நினைப்பவருக்கு மிஞ்சுவது மனிதர்கள் சுற்றி உட்காரும் நேரடி மேசை. அதுவும் எல்லா மாநிலத்திலும் கிடையாது. கோவாவில் 1992, 1996 ஆண்டுகளின் சட்டத் திருத்தங்கள் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கப்பல்களுக்கும் வழிவிட்டன. பணஜியில் மாண்டவி ஆற்றில் விளக்கு ஜொலிக்க மிதக்கும் காசினோக்கள் அந்தத் திருத்தத்தின் பிள்ளைகள். மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டு சட்டம் பிரிட்ஜ், ரம்மியோடு போக்கரையும் சூதாட்ட வரையறையிலிருந்து விலக்கி வைத்தது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2017இல் போக்கர் சூதாட்டமே என்று தீர்ப்பளித்தது. சட்டச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டம் அனுமதிக்கும் மேசையிலும் சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஒதுக்கிய சீட்டால்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ரகசியச் சீட்டுகள். நடுவே எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். வேண்டாம் என்று தோன்றினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். ரம்மிக்காரர்கள் பாஷையில் இது 'ஸ்கூட்'. போக்கரில் 'ஃபோல்டு'. கவிழ்த்த சீட்டுகள் போய்ச் சேரும் குவியலுக்கு 'மக்' என்று பெயர்.

அந்தக் குவியலில் கிடப்பதைத் தெரிந்துகொள்வதால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? கணக்கு போட்டுப் பார்க்கலாம். உங்களிடம் இரண்டு ஸ்பேட், பொதுச் சீட்டுகள் நான்கில் இரண்டு ஸ்பேட். இன்னும் ஒன்று விழுந்தால் ஐந்தும் ஒரே ஜாதி, ஆட்டம் உங்களுடையது. எதிராளி ஆயிரம் ரூபாய் வைக்கிறார். அதையும் சேர்த்து நடுவில் 4,500 ரூபாய் இருக்கிறது. நீங்கள் பார்க்காத சீட்டுகள் 46. அதில் ஒன்பது ஸ்பேட். இதே நிலையில் பலமுறை ஆயிரம் ரூபாய் போட்டு ஆடினால், சராசரியாக ஒரு முறைக்கு 76 ரூபாய் உங்களுக்கு லாபம். ஆடலாம்.

இப்போது பக்கத்தில் விலகி உட்கார்ந்திருக்கும் நண்பர், தன் சோகத்தைப் பகிர்ந்துகொள்ள, கவிழ்க்கும் முன் தன் இரண்டு சீட்டுகளை உங்களிடம் சாய்த்துக் காட்டியிருந்தார் என்றால்? இரண்டும் ஸ்பேட். மீதி 44 சீட்டில் ஸ்பேட் ஏழுதான். அதே ஆயிரம் ரூபாய் இப்போது சராசரியாக 125 ரூபாய் நஷ்டம். நீங்கள் கவிழ்த்துவிடுவீர்கள். எதிரே இருப்பவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. தனக்கு வரவேண்டியது எந்த வழியாகப் போயிற்று என்று அவர் கனவிலும் கண்டுபிடிக்க முடியாது. நண்பர் ஏதோ சீட்டு வராத துக்கத்தில் காட்டினார், அவ்வளவுதான்.

இந்த எதிரே இருப்பவருக்காகத்தான் விதிகள். 2001இல் தொடங்கப்பட்ட போக்கர் போட்டி நடத்துநர்கள் சங்கமான டி.டி.ஏ.வின் விதிகள் பல நாடுகளின் போட்டிகளில் கையாளப்படுகின்றன. ஆட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மற்ற ஆட்டக்காரர்களைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது அது. உயிரோடு இருக்கும் சீட்டைப் பற்றியும் பேசக் கூடாது, ஒதுக்கிய சீட்டைப் பற்றியும் பேசக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. ஒரு கைக்கு ஒரு ஆட்டக்காரர். மீறினால் எச்சரிக்கை, சில ஆட்டங்களுக்கு வெளியே நிறுத்திவைப்பது, முற்றினால் போட்டியிலிருந்தே நீக்கம் என்று தண்டனை ஏறும்.

பணத்துக்கு நேரடியாக ஆடும் அறைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்க ஆட்டக்காரர் பாப் சியாஃபோன் தொகுத்த 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் போக்கர்'. ஒருவருக்குக் காட்டினால் எல்லோருக்கும் காட்டு என்பது அதில் முக்கியமான விதி. எப்போது காட்டுவது என்பதில்தான் நுட்பம். பார்த்தவர் இன்னும் பந்தயம் கட்டவேண்டிய நிலையில் இருந்தால், உடனே எல்லோருக்கும் திருப்பிக் காட்டியாக வேண்டும். பார்த்தவரும் விலகிவிட்டவர் என்றால் அவசரமில்லை, ஆட்டம் முடிந்த பிறகு திருப்பினால் போதும். முன்னதாகத் திருப்பினால் இரண்டு பேருக்குத் தெரிந்த ரகசியம் ஆடுகிறவர்களின் முடிவை மாற்றிவிடும். நல்ல டீலர் இதைக் குரல் உயர்த்தாமல் செய்வார். அந்த இரண்டு சீட்டுகளை மட்டும் குவியலில் கலக்காமல் தனியே வைத்துக்கொண்டு, கடைசியில் மேசை நடுவே திருப்பிப் போடுவார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று யோசித்தால், காரணம் மூணு சீட்டில் இருக்கிறது. தீபாவளிக்கு வடக்கே வீடு வீடாக ஆடப்படும் தீன் பத்தியில் 'சைடு ஷோ' என்று ஒன்று உண்டு. சீட்டைப் பார்த்துவிட்ட ஒருவர், தனக்கு முன்னால் பந்தயம் கட்டியவரிடம் தனியே ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்கலாம். அவர் சம்மதித்தால் இருவரும் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். தாழ்ந்தவர் விலகுவார். மற்றவர்களுக்கு எதுவும் காட்டப்படாது. இரண்டு பேர் மட்டும் பார்ப்பது அங்கே முழுக்கச் சட்டபூர்வம், ஆட்டத்தின் சுவையே அதுதான். அந்தப் பழக்கத்தோடு போக்கர் மேசைக்கு வந்து, பக்கத்து மைத்துனரிடம் சீட்டைச் சாய்த்துக் காட்டுபவர் மோசடி செய்வதாக நினைப்பதே இல்லை. டீலர் தடுத்தால் "அவர்தான் ஆட்டத்திலேயே இல்லையே!" என்று கோபம்தான் வருகிறது.

ஆட்டத்தில் இல்லாத மைத்துனருக்கு முகம் இருக்கிறதே. சீட்டைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்வதை எதிரே இருப்பவர் படித்துவிட்டால், காட்டியவருக்கே நஷ்டம்.

இன்னொரு பழியைத் தொலைக்காட்சி மீது போடலாம். நாஜி முகாம்களிலிருந்து தப்பிய பொம்மைத் தயாரிப்பாளர் ஹென்றி ஓரன்ஸ்டைன், மறைத்து வைத்த சீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் கேமரா ஏற்பாட்டுக்கு 1995இல் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் 1999இல் 'லேட் நைட் போக்கர்' நிகழ்ச்சி மேசைக்கு அடியிலிருந்து சீட்டுகளைக் காட்டியது. 2003 உலகத் தொடரில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 25 லட்சம் டாலர் வென்றதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் எப்போது ஏமாற்றினார், எதிராளி எதைக் கவிழ்த்தார் எல்லாம் வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். கவிழ்த்த சீட்டைப் பார்ப்பது நம் உரிமை என்ற எண்ணம் அப்படி வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. மேசையில் இருப்பவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் ஆட்டம் என்பதை வீட்டில் இருப்பவர் மறந்துவிடுகிறார்.

இதற்கு நேர்மாறான விதியும் ஒன்று உண்டு. மறைத்ததைக் காட்டச் சொல்லும் விதி. கடைசிவரை நின்று தோற்றவர் சீட்டைக் காட்டாமலே கவிழ்த்துவிடலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் சீட்டு வாங்கிய யாரும், "அந்தக் கையைப் பார்க்க வேண்டும்" என்று கேட்கலாம் என்கிறது ராபர்ட்ஸ் ரூல்ஸ். பாதியில் விலகியவரின் சீட்டை இப்படிக் கேட்க முடியாது. கடைசிவரை வந்த கைக்கு மட்டுமே இது பொருந்தும். பின்னணி கூட்டுச் சதி. இரண்டு பேர் ரகசியமாகச் சேர்ந்துகொண்டு, நடுவில் மாட்டியவரை நசுக்க மாறி மாறிப் பந்தயத்தை ஏற்றலாம். கடைசியில் ஒருவர் குப்பைச் சீட்டோடு நின்றிருந்தது தெரிந்தால் குட்டு உடையும். சந்தேகம் உள்ளவன் கேட்க ஒரு வழி வேண்டும்.

ஆனால் மனிதர்கள் வேறு காரணங்களுக்காகக் கேட்கிறார்கள். தோற்றவன் எவ்வளவு அசட்டுத்தனமாக ஆடினான் என்று பார்க்க. அவனுடைய பழக்கத்தைப் படிக்க. சில சமயம், வெறுமனே குத்திக்காட்ட. தோற்று, தலை குனிந்து, சத்தமில்லாமல் சீட்டைத் தள்ளிவிட்டவனிடம் "காட்டச் சொல்" என்று டீலரை ஏவுவது அநாகரிகம். அடிக்கடி கேட்பவரிடமிருந்து இந்தச் சலுகையைப் பறித்துவிடலாம் என்றும் அதே விதி சொல்கிறது. சலுகை என்றுதான் அது குறிப்பிடுகிறது, உரிமை என்று அல்ல. டி.டி.ஏ. இன்னும் இறுக்கம். கடைசிச் சுற்றில் பந்தயம் விழுந்து, அதற்கு ஈடாகப் பணம் போட்டவர், தன் சீட்டைக் கையில் வைத்திருக்கும்வரை, பந்தயம் கட்டியவரின் சீட்டைப் பார்க்கக் கேட்கலாம். காசு கொடுத்துப் பார்க்கும் உரிமை. மற்றவர் கேட்டால் முடிவு போட்டி நடத்துநர் கையில். தன் சீட்டைக் காட்டாமலே கவிழ்த்துவிட்டவருக்குக் கேட்கும் உரிமையே கிடையாது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ராபர்ட்ஸ் ரூல்ஸ்படி, ஜெயித்தவரைத் தவிர வேறு யாராவது கேட்டால் கவிழ்த்த கை செத்த கைதான். டீலர் அதைக் குவியலில் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் திருப்புவார். அந்தத் தட்டல்தான் மரணச் சான்றிதழ். அதில் எவ்வளவு நல்ல சீட்டு இருந்தாலும் பணம் கிடைக்காது. ஆனால் ஜெயித்தவரே ஆவலில் கேட்டால் இரண்டு கையும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. தோற்றதாக நினைத்தவர் தன் சீட்டைத் தப்பாகப் படித்திருந்தால், உதாரணமாக ஐந்து தொடர் சீட்டுகள் சேர்ந்ததைக் கவனிக்காமல் விட்டிருந்தால், நடுவில் இருக்கும் பணம் முழுக்க அவருக்குப் போய்விடும். மூக்கை நுழைத்ததற்கு இதைவிடப் பொருத்தமான அபராதம் இருக்க முடியாது.

ஆட்டம் முழுக்க முடிந்த பிறகு ஒருவர் தானாகவே தன் சீட்டைத் திருப்பிக் காட்டுவதில் தப்பில்லை. எல்லோருக்கும் காட்ட வேண்டும், அவ்வளவே. "என்ன வைத்திருந்தீர்கள்?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. சொல்கிற பதில் உண்மையாக இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தப் பொய் ஆட்டத்தில் சேர்த்தி. ஏமாற்றிப் பணத்தைப் பறித்துவிட்டு, குப்பைச் சீட்டை எதிராளியின் மூக்குக்கு நேரே பெருமையாகத் திருப்புபவரை விதி தடுக்காது. மேசை மறக்காது. மற்றபடி, நான் நின்றிருந்தால் அடுத்து என்ன சீட்டு வந்திருக்கும் என்று டீலரைப் புரட்டிக் காட்டச் சொல்வதை டி.டி.ஏ. அனுமதிப்பதில்லை. நேரம்தான் வீண்.

பாவம், டீலரும் மனிதர். அவசரத்தில் சீட்டைத் தூக்கி வீசினால் அது காற்றில் புரண்டு முகம் காட்டிவிடும். அதனால் மேசையோடு மேசையாக, தாழ்வாக, கவிழ்த்தபடியே டீலரை நோக்கி நகர்த்துவதுதான் மரியாதை. தன் முறை வரும்வரை காத்திருந்து கவிழ்ப்பதும் அப்படியே. முன்கூட்டி விலகுகிறவர், தனக்கு முன்னால் பேசவேண்டியவருக்கு எதிரில் ஒருவர் குறைவு என்று அறிவிக்கிறார்.

அப்படியும் ஒரு நிலை வரும். பக்கத்தில் இருப்பவர் புதியவர். ஒவ்வொரு முறையும் சீட்டை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கிறார். நீங்கள் வேண்டுமென்று எட்டிப் பார்க்கவில்லை, கண்ணில் படுகிறது. ஒருமுறை சொல்லவேண்டும் என்பது மேசையின் வழக்கம்: "சார், சீட்டு தெரியுது. கொஞ்சம் தாழ்த்திப் பாருங்க." பெரும்பாலானவர்கள் நன்றி சொல்லித் தாழ்த்திக்கொள்வார்கள். பத்து நிமிடத்தில் மறந்து மறுபடி தூக்குவார்கள். இரண்டாம் முறையும் சொல்பவர்கள் உண்டு. சொல்லியாகிவிட்டது, இனி அவர் பாடு என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அந்தச் சீட்டை அவர் கவிழ்க்கும்போது, அதில் இரண்டு ஸ்பேட் இருந்தது தெரிந்து, எதிரே காத்திருப்பவருக்கு ஆயிரம் ரூபாய் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவேண்டியது நீங்கள்தான்.