கைத்தொலைபேசியில் உளநலப் பாடம்

நித்திரை வருவதில்லை. சாப்பாட்டில் மனமில்லை. தோட்டத்துக்குப் போகக் கால் எழுவதில்லை. இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதைச் சோம்பல் என்று நாம் தள்ளிவிடக்கூடாது. அது உளச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். காணியையும் வீட்டையும் இழந்து வந்தோரிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது. உளநல வைத்தியர்களோ பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கின்றனர். அப்படியாயின், ஊரிலுள்ள சுகாதாரப் பணியாளருக்கே இதனைக் கற்பிக்க முடியாதா?

முடியும் என்பதற்கு இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தை நாம் எடுத்துக்காட்டலாம். அங்கு கிராமந்தோறும் 'ஆஷா' எனப்படும் பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று தாய்சேய் நலனைக் கவனிக்கின்றனர். செஹோர் மாவட்டத்தில் இவர்களுக்கென சங்காத் என்னும் நிறுவனம் ஹிந்தி மொழியில் இணையவழிப் பாடநெறியொன்றை ஆக்கியது. கைத்தொலைபேசி இருந்தால் ஊரிலிருந்தபடியே படிக்கலாம்.

அவர்கள் கற்பது மருந்து கொடுப்பதையல்ல. சோர்வுற்றவர் வேலையையும் மனிதரையும் விட்டு ஒதுங்குவார். ஒதுங்க ஒதுங்கச் சோர்வு கூடும். இந்தச் சுழலை அறுக்க வேண்டும். முன்பு அவருக்குப் பிடித்தவை எவையென்று பணியாளர் கேட்டறிவார். அவற்றுள் சிறியதொன்றை நாளைக்கே செய்ய இருவரும் திட்டமிடுவர். நாலு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம். அயல்வீட்டுக்கு ஒருமுறை போய்வரலாம். அடுத்த சந்திப்பில் அது பற்றிப் பேசுவர். இவ்வாறு ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள் நடைபெறும். கோவாவில், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே நடத்திய இம்முறை சோர்வைக் குறைத்ததென 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் பாடம் கைக்கு எட்டினால் மட்டும் போதாது. செஹோரில் 42 பணியாளர்களுடன் நடந்த முதற் பரீட்சார்த்தத்தின் முடிவு 2020இல் வெளிவந்தது.  தொலைபேசிவழியே தனித்துக் கற்றோரைவிட, தொலைவிலிருந்து துணையும் பெற்றோரே கூடுதலாகப் பாடத்தை முடித்தனர். அடுத்த ஆய்விலும், தொலைவிலிருந்தே ஊக்கமளித்துத் துணைநிற்கும் பயிற்றுநர்களும் சேர்க்கப்பட்டனர். விதை நல்லதானாலும் கூடநின்று பார்ப்பவர் வேண்டும் என்பது விவசாயிகளாகிய எமக்குப் புதிதல்ல.

பயிற்சி பெற்றவருக்கும் எமது ஒத்துழைப்பு வேண்டும். சுகாதாரப் பணியாளர் வந்து நித்திரை எப்படி, மனம் எப்படி என்று கேட்டால் மறைக்காமல் சொல்வோம். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாது உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோம். இலங்கையில் தேசிய உளநல உதவிச் சேவையை 1926 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். உதவி கேட்பது வெட்கமல்ல.