இருபது வருஷம் கழித்துப் பார்த்த விளக்கு அலங்காரம்!

திருவாரூரில் ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. எதிர் வீட்டில் இருப்பது கிறிஸ்தவக் குடும்பம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு அக்காவுடன் நல்ல பழக்கம். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து அதிரசம் போகும். கிறிஸ்துமசுக்கு அங்கிருந்து கேக்கும் முறுக்கும் வரும்.

ஆனால், ஒரு விஷயம் மட்டும் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. டிசம்பர் பிறந்தால் போதும், என் மாமியார் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். ஜனவரியில்தான் மறுபடி திறப்பார். கேட்டால், 'பனி அடிக்குதும்மா' என்பார். எதிர் வீட்டுக் கேக்கைக் கையால்கூடத் தொட மாட்டார். 'எனக்கு சுகர் இருக்கு' என்று ஒதுங்கிவிடுவார். தீபாவளி லட்டு சாப்பிடும்போது மட்டும் அந்த சுகர் எங்கே போனதோ!

வேற்று மதத்துப் பண்டிகை பிடிக்காமல்தான் இப்படிச் செய்கிறார் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அந்த அக்காவைப் பார்த்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும். பன்னிரண்டு வருஷமாக இப்படியே ஓடிவிட்டது.

2024 டிசம்பரில் ஒருநாள், என் பத்து வயது மகள் அந்த அக்காவிடம், 'எல்லார் வீட்லயும் ஸ்டார் வாசல்லதானே கட்டுறாங்க? உங்க வீட்ல மட்டும் ஏன் ஆன்ட்டி கொல்லையில தொங்குது?' என்று கேட்டுவிட்டாள். அக்கா சிரித்து மழுப்பிவிட்டார். இவள் விடுவாளா? வீட்டுக்கு வந்து பாட்டியிடமும் அதையே கேட்டாள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரின் கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, 'எனக்காகத்தான்டி கட்டுறா. பத்தொம்பது வருஷமா எனக்காகத்தான் கொல்லையில கட்டுறா' என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

அவருக்கு ஒரே தங்கை. வேளாங்கண்ணியில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் காலமான பிறகு கடற்கரைக்குப் போகிற பாதையில் பூவும் மெழுகுவத்தியும் விற்று மகனை ஆளாக்கியவர். சுனாமியில் அவர் இறந்துபோனது எனக்கும் தெரியும். திதியை அவர் மகன் திருப்பூரிலேயே கொடுத்துவிடுவார். அதனால் டிசம்பர் 26 என்கிற தேதி எங்கள் வீட்டில் பேச்சிலேயே அடிபட்டதில்லை. அதற்கும் ஜன்னலுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

2004 கார்த்திகையில் என் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். சீசன் வியாபாரம் என்று தங்கை வரவில்லை. அதில் மாமியாருக்கு ஆத்திரம். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் தங்கை பூத்திலிருந்து போன் செய்திருக்கிறார். 'அக்கா, கோவிச்சுக்காதே. இந்த வருஷம் கோயில்ல லைட்டெல்லாம் ரொம்ப நல்லா போட்டிருக்காங்க. ராத்திரி பஸ் ஏறி வாக்கா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போ' என்றாராம்.

'லைட்டைப் பார்க்க வர்றதுதான் எனக்கு வேலையா? உனக்கு உன் கடைதானே பெரிசு' என்று சொல்லிவிட்டு, பட்டென்று போனை வைத்துவிட்டாராம் மாமியார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை என்று தங்கை காலையிலேயே கடை திறந்திருக்கிறார். சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் வந்த பூகம்பத்தால் எழும்பிய அலை, காலை ஒன்பது மணி வாக்கில் நம் கரைக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் பலியானார்கள். யாரென்று தெரியாமல் எத்தனையோ பேரை ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்தார்கள். தங்கையின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் எதிர் வீட்டு வாசலில் ஸ்டார் எரிவதைப் பார்த்ததும் மாமியார் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். அக்கா அதைப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் ஸ்டார் கொல்லைப்புறம் போய்விட்டது!

'அவ கூப்பிட்டா, நான் போகலை. கண்ணு நல்லா தெரியறப்பவே ஒருதரம் அந்த லைட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்டா' என்றார் மாமியார், என் கணவரிடம். பிரஷர் இருக்கிறதே, கூட்டத்தில் தாங்குவாரா என்று அவர் தயங்கினார். நான்தான், 'அத்தை ஆசைப்படறாங்க, போயிட்டு வருவோம்' என்று பிடிவாதமாக நின்றேன். 'இருபத்தி நாலாம் தேதி ராத்திரி பூசைக்குக் கூட்டம் தாங்காது. மறுநாள் சாயங்காலமா போங்க' என்று யோசனை சொல்லி, தெரிந்தவர்கள் மூலம் ரூமுக்கும் ஏற்பாடு செய்து கொடுத்தார் அக்கா.

25-ம் தேதி மதியம் கிளம்பி, நாகப்பட்டினத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வேளாங்கண்ணி சின்ன ஊர்தான். ஆனால் ஆர்ச்சைத் தாண்டியதுமே தெருவெல்லாம் சீரியல் பல்பு. லாட்ஜ், ஓட்டல், டீக்கடை எதையும் விடாமல் ஸ்டார். இருட்டியதும் ஆலயம் தெரிந்தது பாருங்கள், அந்த வெள்ளைக் கோபுரங்கள் அடியிலிருந்து உச்சி சிலுவை வரைக்கும் விளக்கு! நீலம், சிவப்பு, பச்சை என்று மாறி மாறி எரிந்தது. தென்னை மரங்களுக்குக்கூட விளக்குச் சுற்றியிருந்தார்கள்.

குடிலைப் பார்க்கத்தான் தள்ளுமுள்ளு. வைக்கோல் கூரை, ஆடு மாடுகள், நடுவில் குழந்தை இயேசு. என் ஆறு வயது மகன் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்று அடம் பிடித்தான். மொட்டை போட்டவர்கள், மாதாவுக்குப் புடவை கொண்டு வந்தவர்கள், மணல் பாதையில் முழங்காலிட்டு நகர்ந்து போகிறவர்கள் என்று பலதரப்பட்ட கூட்டம். குங்குமம் வைத்தவர்களும் முக்காடு போட்டவர்களும் எங்கள் பக்கத்திலேயே நின்றார்கள்.

புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள், கரை சேர்ந்த நன்றிக்காக மாதாவுக்குக் கோயில் எழுப்பினார்கள் என்பது அந்த ஊர் வரலாறு. மகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். 'அவங்களையெல்லாம் கரை சேர்த்துச்சு' என்று மட்டும் சொன்னார் மாமியார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடற்கரைப் பாதையில் தங்கை கடை இருந்த இடத்தைத் தேடினோம். எல்லாமே மாறியிருந்தது. ஏறக்குறைய அந்த இடம்தான் என்று ஒரு மெழுகுவத்திக் கடை முன் நின்றார் மாமியார். கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். 'எத்தனை வேணும்மா?' என்றாள். 'இங்கேதான்மா என் தங்கச்சி பூக்கடை வச்சிருந்துச்சு' என்றார் மாமியார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் சட்டென்று எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எடுத்துப் போட்டாள். 'உக்காருங்கம்மா. எங்க அப்பாவும் அன்னைக்குத்தான் போனார். நாளைக்குக் காலையில நான் கடை திறக்க மாட்டேன்' என்றாள். இரண்டு மெழுகுவத்திக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

மாமியார் அந்த ஸ்டூலிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஆலயத்து விளக்கு முழுசாகத் தெரிந்தது. 'நல்லாத்தான்டி போட்டிருக்காங்க' என்றார். எங்களிடம் சொன்னதல்ல அது என்று எனக்குப் புரிந்தது. என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

26-ம் தேதி காலை, ஒரு சொம்புப் பாலும் பூவுமாகக் கடற்கரைக்குப் போனோம். சுனாமி வந்து அன்றோடு சரியாக இருபது வருஷம். நினைவு ஸ்தூபியில் மாலை வைக்க ஜனங்கள் மெழுகுவத்தியோடு போய்க்கொண்டிருந்தார்கள். கடலில் பாலை ஊற்றும்போது மாமியார் அழவில்லை. 'கோவத்துல வச்சுட்டேன்டி போனை' என்று ஒரே ஒரு தடவை சொன்னார். திரும்பி வரும்போது என் மகன், 'லைட்டெல்லாம் பகல்ல வெறும் ஒயரா இருக்கும்மா' என்றான். 'சாயங்காலம் மறுபடி எரியும்டா கண்ணு' என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் பாட்டி.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தார்.

2025 டிசம்பர் முதல் தேதி, மாமியாரே எதிர் வீட்டுப் படியேறி, 'ஏம்மா, இந்த வருஷம் ஸ்டாரை வாசல்ல கட்டு. நான் பார்க்கணும்' என்றார். அக்கா பதில் சொல்ல முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஏணியைப் பிடித்து, ஸ்டாரைக் கட்டிக் கொடுத்தது என் கணவர்! கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டு மாமியார் வாய்க்கும் போனது. சுகரைப் பற்றி நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மாமியார் ஏன் ஜன்னலைச் சாத்துகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. எதிர் வீட்டு அக்கா கேட்காமலே புரிந்துகொண்டார். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தோழிகளே, கோபத்தில் பட்டென்று போனை வைத்த அக்காவோ தங்கையோ உங்களுக்கும் இருக்கலாம். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒரு போன் போட்டுவிடுங்களேன். 'வா' என்று அவர்கள் கூப்பிட்டால், வேலை கிடக்கட்டும், போய்விட்டு வாருங்கள்!

– ஒரு வாசகி, திருவாரூர்.