மழை மாதக் கடனும் ஒரு பிடி அரிசியும்

ஜக்காத் மனு கொடுக்கும் குடும்பங்களை விசாரிக்க நாங்கள் வீடு வீடாகப் போகிறோம். கண்டமங்கலம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர்களில் நம்மவர்கள் நாலு வீடு, ஐந்து வீடு என்றுதான் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளி. மவுத்தானால் அடக்கத்துக்கும் பக்கத்து ஊர் கபர்ஸ்தான். சொந்த நிலம் உள்ளவர்கள் குறைவு. ஆண்கள் கொத்து வேலை, சுமை வேலை, வண்டியில் துணி வியாபாரம் என்று போகிறார்கள். பெண்கள் நாற்று நடவு, களையெடுப்பு, தையல்.

"கடன் எவ்வளவு?" என்று கேட்டால் வீட்டுக்கு வீடு தொகை மாறுகிறது. "எப்போது வாங்கியது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "மழையில வாங்கினதுங்க." அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

வேலை நிற்கும் வாரங்கள்

நம் கிராமங்களில் வருடம் முழுவதும் ஒரே மாதிரிக் கஷ்டம் இல்லை. தை, மாசியில் அறுவடை இருக்கிறது. கரும்பு வெட்டு இருக்கிறது. கோடையில் கட்டட வேலை இருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும்தான் இடறுகிற மாதங்கள். சம்பா நடவு முடிந்துவிடும்; அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கும். மழையில் கான்கிரீட் போட மாட்டார்கள். துணி மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. அதே நாட்களில்தான் கூரை ஒழுகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்.

பட்டினி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி இலவசம். ஆனால் மருந்து, பால், தார்ப்பாய், புதுச்சேரி ஜிப்மருக்குப் போக பஸ் காசு, இவையெல்லாம் ரேஷனில் வராது. அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்குத் தேவைப்படுவது மூவாயிரமோ ஐயாயிரமோதான். ஆனால் குழுக் கடனில் அவ்வளவு சின்னத் தொகை கிடைப்பதில்லை. முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கையில் வரும். ஐயாயிரம் தேவைப்பட்ட வீடு நாற்பதாயிரத்துக்கு வட்டி கட்டுகிறது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் தவணை நாள் தவறாமல் வந்துவிடும். ஒரு குழுவுக்குக் கட்ட இன்னொரு குழுவில் வாங்குகிறார்கள். அடுத்த மழை வரும்போது பழைய கடனே தீர்ந்திருக்காது.

கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. மிரட்டுபவர்கள் மீது புகார் கொடுக்க இவை உதவும். ஆனால் அந்த ஐயாயிரத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற வேலையைச் சட்டம் செய்யாது. அது நம் வேலை.

ஃபெஞ்சல் சொன்ன பாடம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. தமிழ்நாடு அரசு பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாயும், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. புதுச்சேரி அரசு அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தது.

நம் பகுதியில் சாலையில் போகும்போதே இரண்டு மாநில எல்லையும் மாறி மாறி வரும். கொடுக்கல் வாங்கலும் சம்பந்தமும் இரண்டு பக்கமும் உண்டு. கல்யாணமாகித் தனிக் குடித்தனம் வந்தும், பெயரைத் தாய் வீட்டு அட்டையிலேயே விட்டுவைத்திருப்பவர்கள் நிறைய. நிவாரணம் அட்டைக்குத்தான் வருகிறது. தனி அட்டை இல்லாத குடித்தனத்துக்கு 2,000-மும் இல்லை, 5,000-மும் இல்லை. ஆகவே மழைக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை, பெயர் நீக்கம், பெயர் சேர்ப்பு, புது அட்டை மனு ஆகியவற்றை முடிப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளைகள் கூடப் போய் உதவ வேண்டும்.

ஜாவா கிராமங்களில் ஒரு வழக்கம்

உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடு இந்தோனேசியா. அதன் ஜாவா தீவின் உட்பகுதிக் கிராமங்கள் நம் ஊர் மாதிரியே நெல் வயல்களுக்கு நடுவே இருக்கின்றன. அங்கும் அரை ஹெக்டேருக்குக் குறைவான நிலம் வைத்திருப்பவர்கள் ஏராளம். நம் பிள்ளைகள் சென்னைக்குப் போவதுபோல் அங்குள்ள பிள்ளைகள் ஜகார்த்தாவுக்குப் போகிறார்கள். பெருநாளுக்கு ஊர் திரும்புகிறார்கள். அறுவடைக்கு முந்திய கை வறண்ட காலத்துக்கு அங்கே 'பச்செக்லிக்' என்றே தனிப் பெயர் உண்டு.

அதைச் சமாளிக்க அவர்களிடம் 'ஜிம்பித்தான்' என்ற பழைய வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும். வீட்டார் அதில் கொஞ்சம் அரிசி போட்டு வைப்பார்கள். இரவில் ஊர்க்காவல் முறைக்கு வருபவர்கள் அதைச் சேகரித்துப் போவார்கள். நோயாளி வீடு, மையித் வீடு, தெருவின் பொதுச் செலவு என்று அது பயன்படும். இப்போது பல இடங்களில் அரிசிக்குப் பதில் சில்லறைக் காசு போடுகிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டார்கள். அந்தப் பிடி அரிசியால் மதரசாக்கள் நடந்திருக்கின்றன. நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பிடி அரிசி ஏறத்தாழ 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. கிலோ 40 ரூபாய் என்றால் 60 ரூபாய். ரேஷன் அரிசியை விற்பது குற்றம். அதை வாங்கிச் சேர்க்கக் கூடாது. ரேஷன் அரிசி சமைக்கும் வீட்டார் தினம் இரண்டு ரூபாய் போட்டால் போதும், அதுவும் மாதம் 60 ரூபாய்தான்.

ஓர் ஊரின் ஐந்து வீட்டால் பெரிதாக எதுவும் ஆகாது. எட்டு ஊர் சேர்ந்தால் 40 வீடு, மாதம் 2,400 ரூபாய். சித்திரை முதல் புரட்டாசி வரை ஆறு மாதத்தில் 14,400 ரூபாய். மழை தொடங்கும்போது மூன்று குடும்பங்களுக்குத் தலா 4,800 ரூபாய் வட்டியில்லாமல் கொடுக்கலாம். அறுவடைக்குப் பின் அவர்கள் திருப்பிக் கொடுத்தால் அடுத்த மழைக்கு ஆறு குடும்பங்களுக்குக் கிடைக்கும். நாற்பதாயிரம் கடனுக்குள் போகாமல் ஆறு வீடு தப்பிக்கும்.

கவனிக்க வேண்டியவை

பணத்தை ஒருவர் கையில் விடாதீர்கள். மூன்று பேர் பொறுப்பு, ஒரு நோட்டு. மாதம் ஒருமுறை வரவும் செலவும் ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கப்பட வேண்டும். வாங்கியவர் பெயரை வாசிக்க வேண்டாம். தேவை எந்த வீட்டில் என்பது பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆகவே பொறுப்பாளர்களில் தாய்மார் ஒருவராவது இருக்கட்டும்.

ஜக்காத் பணத்தை இதோடு கலக்க வேண்டாம், அதற்குத் தனிக் கணக்கு. அத்தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் சொல்லும் எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு. உண்மையாகவே திருப்பிக் கொடுக்க முடியாமல் போனவரின் நிலையை ஆலிமிடம் சொல்லி, ஜக்காத்திலிருந்து உதவ வழி கேட்கலாம்.

ஜாவாவில் டப்பா தெருவுக்குப் பொது. நம் பக்கத்து வீட்டு அக்கா நானும் இரண்டு ரூபாய் போடுகிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் வீட்டுக் கூரையும் அதே மழையில்தான் ஒழுகுகிறது.

வரும் சித்திரையில் தொடங்க எண்ணியுள்ளோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் ஊரில் யார் பொறுப்பெடுப்பார்கள் என்பதைப் பேசி வையுங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அடுப்புப் பக்கத்தில் இன்றே ஒரு டப்பாவை வைத்துவிடுங்கள்.