உங்களுக்குத் தெரியுமா? பாலி இலக்கணத்தை எளிதாக்கியவர்களில் ஒரு சோழ நாட்டுத் துறவியும் உண்டு

புத்தரின் உரைகள் உள்ள பாலி மொழியைப் படிநிலைப் பாடநூல்கள் வழியே கற்பது இக்காலத்துக் குறுக்குவழி என்று சிலர் கருதுகிறார்கள். ஆனால் மரபே அப்படித்தான் கற்பித்து வந்திருக்கிறது. இன்று கிடைக்கும் பாலி இலக்கணங்களில் பழமையானது கச்சாயனம். அதன் சூத்திரங்களைச் சொல் உருவாகும் முறைக்கேற்ப வரிசை மாற்றி, விளக்கத்துடன் 'ரூபசித்தி'யாகத் தந்தவர் சோழ நாட்டுப் பௌத்தத் துறவி புத்தப்பிரியர். பின்னர் அதே கச்சாயனம் இலங்கையில் தொடக்க மாணவர்களுக்காக 'பாலாவதாரம்' என்ற சிறுநூலாகச் சுருங்கியது. பர்மாவில் அக்கவம்சர் 1154இல் இயற்றிய 'சத்தநீதி'யோ தேர்ந்தவர்களுக்கான பெருநூல். கற்பவரின் நிலைக்கேற்ற நூல் என்ற எண்ணம் அன்றே வேரூன்றியிருந்தது.

புத்தரின் உரைகளையே நேராகப் படிக்கலாமே, ஆசிரியர் புனைந்த வாக்கியங்கள் எதற்கு என்று கேட்கலாம். எட்டு வேற்றுமைகளும் சந்தியும் தொகையும் ஒரே வாக்கியத்தில் வந்து நின்றால், புதியவர் அகராதியைப் புரட்டி ஊகிப்பாரே தவிர வாசிக்க மாட்டார். லிலி டி சில்வாவின் 'பாலி பிரைமர்' என்ற தொடக்கப் பாடநூல் வேற்றுமைகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துவது இதனால்தான். எனினும் புனைந்த வாக்கியங்களோடு நின்றுவிட்டால் மூலநூலின் நடை பிடிபடாது என்பதும் உண்மை. அதற்குரிய அடுத்த படி, புத்தரின் நீண்ட உரைகளின் தொகுப்பான தீக நிகாயத்தை அடிப்படையாகக் கொண்டு ஏ. கே. வார்டர் 1963இல் வெளியிட்ட பாடநூல். முதல் படியைத் தவிர்க்காமல் ஏறுவதும் அதிலேயே நின்றுவிடாமல் மேலே செல்வதும் ஒரே அளவு முக்கியம்.