வெங்காயத்துக்குள் ஓர் ஆதி இயந்திரம்

சுரண்டை காய்கறிச் சந்தையில் விற்கும் சின்ன வெங்காயத்துக்குள், உயிர் எப்படித் தொடங்கியிருக்கும் என்பதற்கு வலுவான சாட்சி ஒன்று இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அருகிலுள்ள குற்றால மலைப்பாறைகளில் அது கிடைக்காது. மிகப் பழைய பாறைகள்தாம்; ஆனால் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. தேட வேண்டிய இடம் உயிருள்ள செல்.

புரதம் செய்வதற்கான குறிப்பு டி.என்.ஏ.யில் இருக்கிறது. அந்த டி.என்.ஏ.யைப் படியெடுக்கவோ புரதம் வேண்டும். கோழி முதலா, முட்டை முதலா? 1960களின் கடைசியில் கார்ல் வூஸ், பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல் ஆகியோர் ஒரு வழி சொன்னார்கள்: முதலில் வந்தது ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம், குறிப்பைச் சுமந்ததும் வேலையைச் செய்ததும் அதுவே. வெறும் ஊகமாக இருந்த இதற்கு 1982இல் உயிர் வந்தது. டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியின் ஆர்.என்.ஏ., புரதத்தின் துணையே இல்லாமல் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைத் தாமஸ் செக் காட்டினார்.

வெங்காயத்திலுள்ள சாட்சி ரைபோசோம். அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குவது இதுதான். 2000ஆம் ஆண்டு தாமஸ் ஸ்டைட்ஸ் குழு, சாக்கடல் நுண்ணுயிர் ஒன்றின் ரைபோசோமில் பெரிய பாதியை அணு அணுவாகப் படமெடுத்தது. கோக்கும் இடத்தில் புரதமே இல்லை, இருந்தது ஆர்.என்.ஏ. மட்டும். அதே ஆண்டு சிறிய பாதியைப் படம்பிடித்தவர்களில் ஒருவர், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அந்தச் சிறிய பாதியில்தான் குறிப்பு மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுகிறது. சரியான அமினோ அமிலம்தான் வந்திருக்கிறதா? இரண்டு ஆர்.என்.ஏ. எழுத்துகள் தம் இடத்திலிருந்து வெளியே திரும்பி, இணை பொருந்துகிறதா என்று தொட்டுப் பார்க்கின்றன. ஒரு மூலக்கூறுக்கு இவ்வளவு கவனமா என்று இன்றும் வியக்கிறேன்.

கண் வலிக்கு மருந்துக்கடையில் தரும் ஜென்டாமைசின் சொட்டு மருந்து பாக்டீரியாவைத் தாக்குவது இந்த இடத்தில்தான். அந்த எழுத்துகளை வெளியே திரும்பியபடியே நிறுத்திவிடுகிறது. தவறான அமினோ அமிலங்களும் உள்ளே நுழைகின்றன, பாக்டீரியா சாகிறது. நம் ரைபோசோமில் அங்கே முக்கியமான ஓர் எழுத்து வேறு, பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறோம். மற்றபடி ரைபோசோமின் ஆர்.என்.ஏ. மையம் வெங்காயம், பாக்டீரியா, மனிதன் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. எல்லாருக்கும் பொதுவான மூதாதையிடமே அது இருந்திருக்க வேண்டும்.

முதல் ஆர்.என்.ஏ. எழுத்துகள் எப்படி உருவாயின என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை. அவற்றில் சிலவற்றை எளிய வேதிப்பொருள்களிலிருந்தே பெற முடியும் என்று 2009இல் ஜான் சதர்லேண்ட் குழு செய்து காட்டியது. வெங்கியும் ஸ்டைட்ஸும் அடா யோனத்தும் ரைபோசோம் ஆய்வுக்காக நோபல் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரைபோசோமை ‘புரதத் தொழிற்சாலை’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அதன் நடுவே ஆர்.என்.ஏ.தான் வேலை செய்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.