உச்சியை எட்டிய ஏஜெண்டுகள் ஏன் விலகுகிறார்கள்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் பயிற்சியாளராக இருந்து, பின்னர் ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்பனையில் இறங்கிய ஆர்ட் வில்லியம்ஸ் என்பவர், தாம் பணிபுரிந்த கம்பெனியில் பிராந்திய உபதலைவர் பதவி வரை உயர்ந்திருந்த நிலையிலேயே, 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் 85 சகாக்களுடன் வெளியேறித் தம்முடைய பெயரால் ஒரு விற்பனை ஸ்தாபனத்தை நிறுவினார். முழு ஆயுள் பாலிஸிக்குப் பெருந்தொகையைப் பிரீமியமாகக் கட்டுவதைவிட, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் காப்பளிக்கும் மலிவான டேர்ம் பாலிஸியை வாங்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தை முதலீடு செய்வதே நடுத்தரக் குடும்பத்துக்கு க்ஷேமம் என்பது அவர் ஊரெங்கும் செய்த உபதேசம். தம் தகப்பனார் போதிய காப்பின்றிக் காலமானதால் குடும்பம் பட்ட கஷ்டமே அவருடைய பிரசாரத்துக்கு மூலகாரணமாக இருந்தது. அந்த ஸ்தாபனமே இன்று பிரைமெரிகா என்ற பெயரில் இயங்கிவருகிறது.

அதே ஸ்தாபனத்தில் பெரும் படையைத் திரட்டி முன்னணிக்கு வந்த ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி என்பவர் (அமெரிக்க உபஜனாதிபதியாக இருந்தவர் வேறு; பெயர் மட்டுமே ஒன்று) 1991-இல் வேர்ல்டு மார்க்கெட்டிங் அலையன்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 2001-இல் ஏகான் என்ற டச்சு இன்ஷூரன்ஸ் குழுமம் அதை விலைக்கு வாங்க, அது வேர்ல்டு ஃபைனான்ஷியல் குரூப் ஆயிற்று. அங்கே வளர்ந்த பேட்ரிக் பெட்-டேவிட் 2009-இல் 66 ஏஜெண்டுகளோடு பி.எச்.பி. ஏஜென்ஸியை ஆரம்பித்தார். 2022-இல் அதையும் இன்டெக்ரிட்டி என்ற பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது.

பல அடுக்குகளாக ஆள் சேர்த்து இன்ஷூரன்ஸ் விற்கும் இந்த ஸ்தாபனங்களில் திறமை மிக்கவர்கள் விலகுவதை அவரவர் நன்றிகெட்ட சுபாவமென்று மேலே இருப்பவர்கள் சொல்வதும், மேலே இருப்பவர்களின் பேராசையென்று விலகியவர்கள் சொல்வதும் வழக்கம். இரண்டும் சில சந்தர்ப்பங்களில் உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் மூன்று தலைமுறையாக ஒரே காரியம் ஒரே விதமாக நடந்துவருமானால், அதன் காரணத்தை மனிதர்களின் குணத்தில் தேடுவதைவிட அந்த ஏற்பாட்டின் அமைப்பில் தேடுவதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கமிஷன் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒருவர் விற்ற பாலிஸிக்கு முதல் வருஷப் பிரீமியம் 1,000 டாலர் என்றும், புதிதாகச் சேர்ந்த அந்த ஏஜெண்டுக்கு அதில் 30 சதவீதம் என்றும், அவரைச் சேர்த்தவருடைய படிநிலைக்கு 50 சதவீதம் என்றும், அவருக்கும் மேலே இருப்பவருக்கு 65 சதவீதம் என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், விற்றவர் 300 டாலரும், சேர்த்தவர் வித்தியாசத் தொகையாகிய 200 டாலரும், அவருக்கு மேலுள்ளவர் 150 டாலரும் பெறுவார்கள். கீழே இருப்பவர் உழைத்து, ஆள் சேர்த்து, தம்மைச் சேர்த்தவருடைய படிக்கே வந்துவிடுகிற அன்று, இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் பூஜ்யமாகிவிடுகிறது. அதன்பிறகு தலைமுறைக் கமிஷன் என்ற சிறு பங்கு மட்டுமே மேலே போகும். சிஷ்யன் தேறத் தேறக் குருவின் வருமானம் குறையும்படியான ஏற்பாடு இது. இந்த நஷ்டத்தை ஈடு செய்வதற்காக, பதவி உயர்வு பெறுகிறவர் தம் கீழுள்ள கிளைகளில் ஒன்றை மேலே இருப்பவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதியும் சில ஸ்தாபனங்களில் உண்டு. வருஷக்கணக்காக வீடு வீடாக அலைந்து, ஒருவர் மூலம் மற்றொருவரைச் சேர்த்து, பரீட்சைக்குப் படிக்கவைத்து, லைசென்ஸ் வாங்கிக்கொடுத்துத் தாம் உருவாக்கிய ஒரு கிளையை, தம் பட்டாபிஷேக தினத்திலேயே தானம் செய்ய நேர்பவருடைய மனநிலையை ஊகிப்பது கடினமல்ல.

உச்சிக்கு வந்த ஏஜெண்டு அப்போதுதான் வெளியே பார்க்கிறார். பல கம்பெனிகளின் பாலிஸிகளையும் விற்க அனுமதிக்கும் சுயேச்சையான மொத்த ஏஜென்ஸிகள், பெரும் விற்பனையாளர்களுக்கு முதல் வருஷப் பிரீமியத்தின் முழுத் தொகையையும், சில சமயம் அதற்கு மேலும், கமிஷனாக அளிக்கத் தயாராக இருக்கின்றன. ஆரம்ப காலத்தில் பயிற்சியும் உற்சாகமும் ஊட்டிய மேல்படிகள், அவருக்கு இப்போது புதிதாகக் கற்பிக்க ஒன்றுமின்றி அவருடைய உழைப்பில் பங்கு பெறுவதை மட்டும் செய்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. பாலிஸி காலாவதியானால் முன்கூட்டிக் கொடுத்த கமிஷனைக் கம்பெனி திரும்பப் பிடித்துக்கொள்ளும் சார்ஜ்பேக் என்ற வழக்கமும், கீழே இருப்பவர் கட்ட முடியாமற்போனால் அந்தக் கடன் மேலேறி வருவதும், அவருடைய பொறுமையைச் சோதிக்கின்றன.

ஆயினும் பணக்கணக்கு மட்டும் இவர்களை வெளியே துரத்துவதாக நான் நம்பவில்லை. சேரும்போது அவர்களுக்குச் சொல்லப்பட்டது கமிஷனைப் பற்றியல்ல; ‘உங்களுக்கென்று ஒரு சொந்த வியாபாரம்’ என்றுதான். எவரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம், நீங்களே முதலாளி என்று வாராந்தரக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு, அதையே தாமும் மேடையேறி நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அதை மெய்யாகவே விசுவாசித்தவர்கள்தாம் உச்சிக்கு வருகிறார்கள். அப்படி வந்தவர் ஒருநாள் ஒப்பந்தப் பத்திரத்தை நிதானமாகப் படித்துப் பார்க்கும்போது, கமிஷன் அட்டவணையைக் கம்பெனி தன் இஷ்டப்படி திருத்தலாம், ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், விலகினால் புதுப்பிப்புக் கமிஷன் தொடர்வது நிபந்தனைகளுக்கு உட்பட்டது, சேர்த்த ஆட்களின் பட்டியலும் வாடிக்கையாளர் விவரங்களும் கம்பெனியின் இரகசியச் சொத்து என்றெல்லாம் எழுதியிருக்கக் காண்கிறார். சுதந்திரத்தைப் போதித்து ஆட்களைத் திரட்டிய ஸ்தாபனம், அந்தப் போதனையை மிக ஆழமாகக் கிரகித்தவரையே முதலில் இழக்கிறது.

இதை உணர்ந்த ஸ்தாபனங்களும் இருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரைமெரிகா 2010-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தன் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் பங்குகள் வழங்கியது. தகுதி பெற்ற பிராந்திய உபதலைவர்கள் தங்கள் கிளையைக் குடும்பத்தாருக்கு மாற்றிக்கொடுக்கவோ விற்கவோ வழிசெய்யும் திட்டமும் அங்கே உண்டு. ஆனால் அடித்தட்டின் நிலை வேறு. 2023-இல் அந்த ஸ்தாபனத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 3,60,000 பேர். அவ்வருஷம் லைசென்ஸ் பெற்ற புதியவர்கள் சுமார் 49,000 பேர். வருஷ முடிவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் லைசென்ஸுடன் இருந்தோர் ஏறத்தாழ 1,41,000 பேர். இத்தனை பேர் வந்து போகிற இடத்தில், ஆட்களைத் தங்கவைக்கத் தெரிந்த ஒருவருடைய மதிப்பு எத்தகையது என்பதையும், அவர் போனால் ஏற்படும் வெற்றிடம் எவ்வளவு பெரிது என்பதையும் எளிதில் அறியலாம்.

ஆகையால் பிரிவு சுமுகமாக நடப்பது அபூர்வம்; பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டு வாசலில் நிற்பதுபோல் இவர்களும் நிற்கிறார்கள். விலகிய ஏஜெண்டுகள் தன் ஆட்களையும் வியாபார இரகசியங்களையும் கவர்ந்து சென்றதாக வேர்ல்டு ஃபைனான்ஷியல் குரூப், எச்.பி.டபிள்யூ. என்ற போட்டி ஸ்தாபனத்தின் மீதும் அவர்கள் மீதும் தொடுத்த வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய வேண்டுமென்று பிரதிவாதிகள் கோரினார்கள். ஆள் சேர்க்கும் பேச்சும் பொதுநலன் பற்றிய பேச்சுரிமையே என்பது அவர்கள் வாதம். 2009-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போட்டித் தொழில் செய்யலாகாது என்ற ஒப்பந்தங்களைப் பொதுவாகச் செல்லாதவையாக்கும் சட்டம் அந்த மாகாணத்தில் இருப்பதால், சண்டை முழுவதும் பெயர்ப் பட்டியல்களைச் சுற்றியே நடக்கிறது. இந்தியாவிலோ 2015-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் திருத்தச் சட்டம், பல அடுக்கு முறையில் பாலிஸி விற்பதையே தடைசெய்துவிட்டது.

இந்தப் பிரிவுகளில் யாரும் அதிகம் பேசாத ஒருவர் உண்டு, அவர் பாலிஸிதாரர். ஏஜெண்டு புதிய ஸ்தாபனத்துக்குப் போனதும், பழைய பாலிஸியை விட்டுவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளும்படி பழைய சிநேகத்தின் பேரில் கேட்கக்கூடும். புதிய பாலிஸி சில வேளை உண்மையிலேயே மேலானதாகவும் இருக்கலாம். ஆனால் சேமிப்பும் கலந்த யுனிவர்ஸல் லைஃப் பாலிஸியை ஆரம்ப வருஷங்களில் விட்டால், சேர்ந்த தொகையில் கணிசமான பகுதி சரண்டர் கட்டணமாகப் போய்விடும். வயது கூடியிருப்பதால் பிரீமியம் உயரும். விண்ணப்பத்தில் கூறியவை சரிதானா என்று கம்பெனி விசாரித்துக் காப்புத்தொகையை மறுக்கக்கூடிய இரண்டு வருஷக் கெடு மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கும். பழைய பாலிஸியில் அந்தக் கெடு கழிந்து நிம்மதியாக இருந்த குடும்பம், ஏஜெண்டு இடம் மாறிய ஒரே காரணத்தால் மீண்டும் அந்த ஆபத்துக்கு உட்படுகிறது. மாற்றும் பாலிஸிகளுக்கென்று தனி அறிவிப்புப் பத்திரத்தைப் பெரும்பாலான அமெரிக்க மாகாணங்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன. கையெழுத்திடும் முன் அந்தப் பத்திரத்தை முழுவதும் படித்து, பழைய கம்பெனிக்கே நேரடியாக எழுதி நடப்பு மதிப்பைக் கேட்டறியும் உரிமை பாலிஸிதாரருக்கு இருக்கிறது. புதிய பாலிஸி அமலுக்கு வந்து கையில் சேரும் வரையில் பழைய பிரீமியத்தை அவர் நிறுத்தலாகாது.