மான் வேட்டை, சிங்கி இறால், இளஞ்சிவப்பு மணல்... பார்புடா தீவில் விடுமுறை யாருக்கு?

வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆன்டிகுவாவை நன்றாகத் தெரியும். விவியன் ரிச்சர்ட்ஸும் கர்ட்லி ஆம்ப்ரோஸும் பிறந்த தீவு அது. ஆனால், அந்த நாட்டின் முழுப் பெயர் 'ஆன்டிகுவா மற்றும் பார்புடா'. பெயரில் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பார்புடாவை வெளியுலகம் பெரிதாகக் கவனித்ததில்லை.

ஆன்டிகுவாவிலிருந்து வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது பார்புடா. பரப்பளவு சுமார் 161 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியில் பாதிகூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,600. ஊர் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான், காட்ரிங்டன். மீதித் தீவு முழுக்க முள்காடு, சுண்ணாம்புப் பாறை, உப்பங்கழி, கடற்கரை.

இந்தக் குட்டித் தீவின் கடற்கரைக்காகத்தான் ஹாலிவுட் நடிகர் முதல் லண்டன் நீதிமன்றம் வரை இழுபறி நடந்துகொண்டிருக்கிறது!

லீவு விட்டால் கடற்கரையில் கூடாரம்

கரீபியன் தீவு என்றதும் நமக்கு ரிசார்ட், நீச்சல் குளம், கையில் இளநீர் என்று ஒரு படம் மனதில் வரும். பார்புடாக்காரர்களின் விடுமுறை அப்படியில்லை. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்க் கூடாரம் போடுவார்கள். பிடித்த மீனை அங்கேயே சுட்டுச் சாப்பிடுவார்கள். மழை பெய்தால் வளைகளைவிட்டு வெளியே வரும் நில நண்டுகளைப் பிடிப்பார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மான், காட்டுப்பன்றி தேடிக் காட்டுக்குள் போவார்கள்.

இங்கு வேட்டையாடப்படும் மான், ஃபாலோ மான் என்ற இனம். நம்மூர்ப் புள்ளிமான் போலவே உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஆனால், கொம்பு விரிந்த உள்ளங்கை மாதிரி தட்டையாக இருக்கும். ஆன்டிகுவா - பார்புடாவின் தேசிய விலங்கும் இதுதான். தேசிய விலங்கே சாப்பாட்டுத் தட்டுக்கும் வருவது நமக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால், இந்த மான் தீவின் பூர்வீக விலங்கு கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது.

வேட்டைக்காரர்களாக ஆக்கப்பட்ட அடிமைகள்

1685-ல் இங்கிலாந்து அரசிடமிருந்து காட்ரிங்டன் என்ற குடும்பம் இந்தத் தீவைக் குத்தகைக்கு எடுத்தது. அவர்களுக்கு ஆன்டிகுவாவில் பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. பார்புடாவில் மண் ஆழமில்லை, மழையும் குறைவு. கரும்பு விளையாது. அதனால், தோட்டங்களுக்குத் தேவையான இறைச்சி, விறகு, கால்நடைகளை அனுப்பும் இடமாக இந்தத் தீவை வைத்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் சந்ததியினரும் இங்கே வேட்டைக்காரர்களாகவும் மீனவர்களாகவும் மேய்ப்பர்களாகவும் வேலை செய்தார்கள். பவளப்பாறையில் மோதி உடைந்த கப்பல்களிலிருந்து சரக்குகளை மீட்பதும் அவர்களின் வேலை.

1834-ல் அடிமை முறை ஒழிந்தது. 1870-ல் காட்ரிங்டன் குடும்பத்தின் குத்தகையும் முடிந்தது. ஆனால், மக்கள் தீவைவிட்டுப் போகவில்லை. எஜமானுக்காகச் செய்த வேட்டையையும் மீன்பிடிப்பையும் தங்கள் குடும்பத்துக்காகச் செய்தார்கள். வேலி போட்டு 'இது என் இடம்' என்று யாரும் பிரித்துக்கொள்ளவில்லை. ஊரில் வீடு, ஊருக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவான காடும் கடலும். பல தலைமுறைகளாக வாழ்க்கை இப்படித்தான் ஓடியது.

இந்தப் பழக்கம் பின்னர் சட்டமாகவும் ஆனது. 2007-ல் நிறைவேறிய பார்புடா நிலச் சட்டம், தீவின் நிலம் முழுவதும் பார்புடா மக்களுக்குப் பொதுவான சொத்து என்றது. அதன்படி, நிலத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. பார்புடாவைச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் வீடு கட்ட, விவசாயம் செய்ய, தொழில் நடத்த மனை கேட்கும் உரிமை உண்டு. வெளியாட்கள் நிலத்தைக் குத்தகைக்கு மட்டுமே எடுக்கலாம். பெரிய திட்டம் என்றால் மக்களில் பெரும்பான்மையோரின் சம்மதம் வேண்டும்.

சிங்கி இறாலும் கிளி மீனும்

தீவின் மேற்கே நீண்டு கிடக்கிறது காட்ரிங்டன் உப்பங்கழி. மணல் திட்டு ஒன்றுதான் இதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. அலையாத்தி வேர்களுக்கிடையே சிங்கி இறால் குஞ்சுகள் வளர்ந்து, பெரிதானதும் பவளப்பாறைகளுக்குப் போகின்றன. மீனவர்கள் மூச்சடக்கி முக்குளித்தும், கூடு வைத்தும் அவற்றைப் பிடிக்கிறார்கள். ஆன்டிகுவாவுக்கும் பக்கத்து ஃபிரெஞ்சுத் தீவுகளுக்கும் சிங்கி இறால் ஏற்றுமதியாகிறது. தீவின் முக்கிய வருமானங்களில் இதுவும் ஒன்று.

நம்மூர் மீன்பிடித் தடைக்காலம் போலவே அங்கும் சிங்கி இறாலுக்குத் தடைக்காலம் உண்டு. மே, ஜூன் மாதங்களில் பிடிக்கக் கூடாது. முட்டை சுமக்கும் இறாலை எப்போதும் தொடக் கூடாது.

2014-ல் தீவின் உள்ளாட்சி அமைப்பான பார்புடா கவுன்சில் இன்னும் ஒரு படி மேலே போனது. கரையோரக் கடலில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 139 சதுர கி.மீ. பரப்பை, பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. கிளி மீன், கடல் முள்ளெலி இரண்டையும் பிடிக்க முழுத் தடை போட்டது. பவளப்பாறையை மூடும் பாசியைத் தின்று சுத்தம் செய்வது இந்த இரண்டும்தான். இவை இல்லாவிட்டால் பாறை சாகும், பாறை செத்தால் சிங்கி இறாலும் இருக்காது. மீனை நம்பிப் பிழைக்கும் ஊரே மீன்பிடிக்குக் கட்டுப்பாடு விதித்தது உலக அளவில் பேசப்பட்டது.

அதற்காகத் தீவுக்காரர்கள் தவறே செய்யாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வருமானத்துக்காகப் பல ஆண்டுகள் மணலை வெட்டி வெளியே விற்ற வரலாறும் பார்புடாவுக்கு உண்டு. அதன் தழும்புகள் இன்னும் தெரிகின்றன.

ஒரே இரவில் காலியான தீவு

2017 செப்டம்பர் 6 அதிகாலை, இர்மா சூறாவளி பார்புடாவின் மேல் நேராக வந்து மோதியது. மணிக்கு சுமார் 295 கி.மீ. வேகக் காற்று. கட்டடங்களில் 10-க்கு 9 சேதமடைந்தன. ஒரு குழந்தை உயிரிழந்தது. அடுத்த சூறாவளியும் வருகிறது என்ற எச்சரிக்கையால், இரண்டே நாள்களில் மொத்த மக்களும் ஆன்டிகுவாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். சுமார் 300 ஆண்டுகளில் முதன்முறையாக மனிதர்களே இல்லாத தீவாக ஆனது பார்புடா.

மக்கள் ஆன்டிகுவாவில் தற்காலிக முகாம்களில் இருந்த அந்த மாதங்களில், இங்கே இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, பெரிய விமானங்கள் இறங்கும் வகையில் புதிய விமான நிலையத்துக்காகக் காடு அழிக்கும் வேலை தொடங்கியது. இன்னொன்று, பொது நிலச் சட்டத்தை மாற்றும் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. குடியிருப்பவர்கள் தலா 1 டாலர் கொடுத்துத் தங்கள் மனையைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று பிரதமர் காஸ்டன் பிரவுன் அறிவித்தார்.

அரசின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 'பட்டா இருந்தால்தான் வங்கியில் கடன் வாங்கி வீட்டைத் திரும்பக் கட்ட முடியும். சுற்றுலா வந்தால்தான் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும். ஆன்டிகுவாவின் பணத்தையே எத்தனை நாள் நம்பியிருப்பது?' என்பது அரசுத் தரப்பு.

'வீடு இழந்து நிற்கும் நேரத்தில், எங்களைக் கேட்காமல் எதற்கு இந்த அவசரம்? இன்றைக்கு 1 டாலருக்குக் கொடுக்கப்படும் மனையை நாளைக்குப் பெரும் பணக்காரர்கள் வாங்கிவிட்டால், எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்?' என்பது எதிர்ப்பவர்களின் கேள்வி. 17 இடங்கள் கொண்ட நாடாளுமன்றக் கீழவையில் பார்புடாவுக்கு இருப்பது ஒரே ஓர் இடம். அதனால்தான் அவர்கள் நீதிமன்றத்தை நம்பினார்கள்.

டயானா நடந்த மணலில்...

பணக்காரர்களின் கண் பார்புடாமேல் விழுந்தது புதிதல்ல. தென்கரையில் இருந்த 'கே கிளப்' ஓட்டலுக்கு இளவரசி டயானா விடுமுறைக்கு வந்திருக்கிறார். அங்குள்ள கடற்கரைக்கு 2011-ல் அவர் பெயரையே வைத்தார்கள். சிறு சிப்பிகளும் ஓடுகளும் உடைந்து கலந்திருப்பதால், தீவின் கடற்கரைகளில் சில இடங்களில் மணல் இளஞ்சிவப்பாக மின்னும்.

ஓட்டல் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து, அந்த இடத்தில் ஆடம்பர விடுதி கட்ட முன்வந்தவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோ. ஊர் வாக்கெடுப்பில் சிறிய வித்தியாசத்தில் ஒப்புதல் கிடைத்தது. வாக்கெடுப்பே முறையாக நடக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வழக்குப் போட்டது. இந்தத் திட்டத்துக்கு நிலச் சட்டம் பொருந்தாது என்று 2015-ல் அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

அடுத்து, பால்மெட்டோ பாயின்ட் பகுதியில் கோல்ஃப் மைதானத்துடன் கூடிய சொகுசு வீடுகள் திட்டம் வந்தது. மக்கள் கூடாரம் போட்டு வந்த கரைப்பகுதி அது. உலக அளவில் பாதுகாக்கப்படும் ராம்சர் ஈரநிலத்தை ஒட்டியது என்பதால் சூழலியலாளர்களும் கவலை தெரிவித்தார்கள். 'வேலை கிடைக்கிறது, சம்பளம் வருகிறது' என்று இந்தத் திட்டங்களை வரவேற்கும் பார்புடாக்காரர்களும் இருக்கிறார்கள்.

அந்த நாட்டுக்கு இறுதி நீதிமன்றம், லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில். நிலச் சட்டத் திருத்த வழக்கில், பொது நிலத்தின் மீது மக்களுக்கு இருந்த உரிமை அரசியலமைப்பு பாதுகாக்கும் 'சொத்து' அல்ல என்று 2022-ல் அது தீர்ப்பளித்தது. அரசு வென்றது. ஆனால், விமான நிலைய விவகாரத்தில் பார்புடாவைச் சேர்ந்த இருவருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்று 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. அதற்குள் விமான நிலையம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் திறந்தும்விட்டார்கள்.

ஆன்டிகுவா - பார்புடா சட்டப்படி எல்லாக் கடற்கரைகளும் பொதுவானவை. எந்த விடுதியும் மணலில் நடப்பவரைத் தடுக்க முடியாது. ஆனால், அந்த மணலுக்குப் போகும் நிலத்தில் தனியார் கேட் வந்துவிட்டால்? மான் தேடிப் போகும் காட்டின் நடுவே கோல்ஃப் புல்வெளி வந்துவிட்டால்? இதுதான் பார்புடாவின் இன்றைய தலைவலி.

போக நினைப்பவர்களுக்கு...

ஆன்டிகுவாவிலிருந்து படகில் சுமார் ஒன்றரை மணி நேரம், சிறு விமானத்தில் கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல். பேச்சு மொழி ஆங்கிலம். பணம் கிழக்குக் கரீபியன் டாலர். 1 அமெரிக்க டாலருக்கு 2.70 என்பது நிலையான மதிப்பு.

தவறவிடக் கூடாதது, உப்பங்கழியின் ஃபிரிகேட் பறவைகள். கரீபியனின் மிகப்பெரிய ஃபிரிகேட் பறவைக் கூட்டங்களில் ஒன்று இங்கேதான். சிறகு விரித்தால் 2 மீட்டருக்கு மேல். ஜோடி தேடும் காலத்தில் ஆண் பறவை தன் கழுத்துப் பையைச் சிவப்பு பலூன் போல ஊதிக் காட்டும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் பார்க்கலாம். இர்மா சூறாவளியில் சிதறிப்போன இந்தப் பறவைகள், சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டன. உலகில் பார்புடாவில் மட்டுமே வாழும் 'பார்புடா வார்ப்ளர்' என்ற சிறு குருவியும் சூறாவளியிலிருந்து தப்பிவிட்டது.

கிழக்குக் கரையில் 'இந்தியன் குகை' என்று ஒன்று உண்டு. நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள் பாறையில் செதுக்கிய உருவங்கள் அங்கே இருப்பதால் அந்தப் பெயர்.

உள்ளூர்க்காரரின் படகில் ஏறுங்கள். உள்ளூர்ச் சமையலில் சிங்கி இறால் சாப்பிடுங்கள். மே, ஜூனில் போனால், தடைக்காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வேறு மீன் கேளுங்கள். பவளப்பாறையை மிதிக்காதீர்கள்.

பார்புடாவில் அடுத்த லீவுக்கும் கடற்கரையில் கூடாரம் போடுவார்கள். இன்னும் 20 வருடம் கழித்து அதே இடத்தில் அவர்களின் பிள்ளைகள் கூடாரம் போட முடியுமா என்பது, இனி எழுதப்படும் ஒவ்வொரு குத்தகைப் பத்திரத்தையும் பொறுத்தது.